ஒரே வீடு, இரண்டு கார்டு

சிவாஜிநகர், பெங்களூர்
12.3.1996

அன்புத் தங்கை விஜிக்கு,

அக்கா காந்தா எழுதுவது. நான் சுகம். உன் சுகமும் மாப்பிள்ளை நாராயணசாமி சுகமும் உன் மாமியார் சுகமும் தெரிந்தால் மனம் நிம்மதியாகும்.

உன் கடிதம் நேற்று கிடைத்தது. நாள் தள்ளி இரண்டு மாதம் முடிந்துவிட்டது என்ற வரியை மூன்று முறை படித்தேன். அம்மா இல்லாத குறை தெரியாமல் எல்லாம் நான் செய்வேன். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் இங்கே வந்துவிடு. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கவனமாகக் கேள். அங்கே பிரசவ வார்டில் பதினொரு வருடம் ஆயா வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். போன வாரம் கனகபுரா பக்கமிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ஒன்பதாம் மாதம், வலி எடுத்திருந்தது. "இத்தனை மாசம் எங்கம்மா இருந்தீங்க? கார்டு எங்க?" என்று சிஸ்டர் பிரிஜெட் கேட்டார். கார்டு இல்லை. படுக்கை இல்லை என்று வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கேட் வரை நான்தான் கைத்தாங்கலாக நடத்திப் போனேன். அப்புறம் என்ன ஆனது என்று தெரியாது.

கார்டு இல்லாதவளுக்கு இங்கே கேட் திறக்காது. உங்கள் பக்கத்து நர்சிடம் பேரைப் பதிந்து கார்டு வாங்கு. மாதாமாதம் அதை நிரப்பி வை. எப்படியாவது நிரப்பு.

உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் எடை மெஷினில் ஏறினாயே, நினைவிருக்கிறதா? ஐம்பத்து நாலு கிலோ என்று சீட்டு வந்ததும் மெஷின் பொய் சொல்கிறது என்று சண்டை போட்டாய். சீட்டின் மறுபக்கம் 'தொலைவிலிருந்து நற்செய்தி வரும்' என்று போட்டிருந்தது. இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் பலித்திருக்கிறது.

உன் அக்கா,
காந்தா

*

தொட்டமாரனஹள்ளி, ஆனேக்கல் தாலுக்கா
2.4.1996

அன்புள்ள அக்காவுக்கு விஜி வணக்கம்.

இங்கே எல்லோரும் நலம். உன் கால்வலி எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை அத்தைக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். கார்டு இல்லாவிட்டால் கேட் திறக்காது என்ற இடத்தில், "அப்படின்னா கார்டு வாங்கிட வேண்டியதுதான்" என்றார். உடனே ஒப்புக்கொண்டார். உனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இங்கே நர்சம்மா ஏரிக்கு அந்தப் பக்கம் இரண்டு மைல் தள்ளி அங்கன்வாடிக்கு வருகிறார். மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை. எனக்குத்தான் போவதில் ஒரு சிக்கல். உனக்குத்தான் தெரியுமே, எங்கள் வீட்டில் பட்டுப்புழு. ஒரு நாளைக்கு நாலு வேளை தழை நறுக்கிப் போட வேண்டும். என் கைராசியால்தான் போன இரண்டு தடவை கூடு நன்றாக வந்தது என்று அத்தைக்கு நம்பிக்கை. நர்சிடமோ ஆஸ்பத்திரிக்கோ போய் வந்தவர்கள் மூன்று நாள் புழு வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. முன்பு ஒரு முறை யாரோ அப்படி வந்து நுழைந்ததில் புழு முழுவதும் பாலாய்க் கரைந்து செத்ததாம். மருந்து நாற்றம் ஆகாது என்கிறார் அத்தை. ஒவ்வொரு முறையும் புழு வீட்டுக்கு மருந்து அடிப்பது நாங்கள்தான், உங்கள் வார்டு மாதிரியே நாறும். அது மட்டும் கணக்கில் வராது!

என் ஓரகத்தி மமதா உனக்கு நினைவிருக்கும், என் தோள் உயரம்கூட இருக்க மாட்டாள், ஆனால் வாய் மட்டும் ஆள் உயரம். அவளும் முழுகாமல் இருக்கிறாள். எனக்கு ஒரு மாதம் பின்னால். அவள்தான் போய் இரண்டு பேருக்கும் கார்டு வாங்கிவந்தாள். இளஞ்சிவப்பு அட்டை. என் பெயர், அவர் பெயர் எல்லாம் எழுதியிருக்கிறது. கவலைப்படாதே.

அன்புடன்,
விஜி

*

சிவாஜிநகர்
20.4.1996

அன்பு விஜிக்கு,

நான் சுகம். கால்வலி போன மாதத்துக்கு இந்த மாதம் பரவாயில்லை.

கார்டு வாங்கியது நல்லது. இனி ஒவ்வொரு முறையும் அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே எனக்கு எழுது. எடை, பிரஷர், ஊசி தேதி. நான் சிஸ்டர் பிரிஜெட்டிடம் காட்டுகிறேன். "என்ன காந்தா, தங்கச்சிக்கு நீயே டாக்டர் ஆயிட்டியா?" என்று கேலி செய்தார். ஆனாலும் கொண்டுவா, பார்க்கிறேன் என்றார்.

நாலு வேளை தழை போடுகிறவள் ஒரு வேளை படுத்து எழுந்திரு. முருங்கைக்கீரை சாப்பிடு.

உன் அக்கா,
காந்தா

*

தொட்டமாரனஹள்ளி
23.5.1996

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். வெயில் தாங்கவில்லை. ஈரக் கோணியைச் சன்னலில் கட்டியிருக்கிறோம். எனக்கு இல்லை, புழுவுக்கு.

கார்டில் இருப்பது: ஏப்ரல், எடை 43, பிரஷர் 110/70, ஊசி ஒன்று. மே, எடை 44, பிரஷர் 110/70, ஊசி இரண்டு. சத்து மாத்திரை அறுபது. மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகிறது. அது சரிதானே?

போன முறை கூடு விற்று அடுத்த முட்டை வருவதற்குள் ஒன்பது நாள் இடைவெளி இருந்தது. நடுவில் ஒரு வியாழன். நானே நேரில் போனேன். அங்கன்வாடி வாசலில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். மதியம் வரை பார்த்தோம். நர்சம்மாவை ஆனேக்கலில் குடும்பக் கட்டுப்பாடு முகாமுக்கு அனுப்பிவிட்டார்களாம். நடந்தே திரும்பினேன். வந்ததும் அத்தை, "போனது போன, ஒண்ணும் ஆகாம திரும்பி வந்தியே, அதுவே போதும். முட்டை வர்றதுக்குள்ள தலைக்கு ஊத்திக்கோ" என்றார்.

பாட்டன் காலத்து வழக்கம் இது, ஒரே நாளில் மாறாது. எனக்கு ஒன்றும் இல்லை அக்கா. நன்றாகப் பசிக்கிறது.

அன்புடன்,
விஜி

*

சிவாஜிநகர்
8.6.1996

அன்பு விஜிக்கு,

நான் சுகம். உன் கடிதத்தை சிஸ்டரிடம் காட்டினேன். "பிரஷர் நார்மல். எடை கம்மி. ஆனா ஏறுது, அது போதும்" என்றார். மாத்திரையால் அப்படித்தான் போகும், பயப்படாதே.

எடைதான் எனக்கு உறுத்துகிறது. ஐம்பத்து நாலில் இருந்தவள் கர்ப்பமாக இருக்கும்போது நாற்பத்து நாலா? அந்த வீட்டில் வயிற்றுக்குச் சரியாகப் போடுகிறார்களா, இல்லை தழை முழுவதும் புழுவுக்குத்தானா? கோபித்துக்கொள்ளாதே. அம்மா இருந்தால் இதைவிடக் காரமாகக் கேட்டிருப்பார்.

நீ நேரில் போனபோது நர்ஸ் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் மே மாதத்து ஊசியை எப்போது போட்டுக்கொண்டாய்? போட்ட இடம் வலித்ததா? எழுது.

உன் அக்கா,
காந்தா

*

தொட்டமாரனஹள்ளி
15.7.1996

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள். நாங்கள் எல்லோரும் நலம். உன் வார்டில் புதுப் படுக்கை வந்ததா?

வயிற்றுக்குக் குறைவில்லை. நான் இளைத்துவிட்டேன் என்று நீ நினைக்கிறாய். இப்போது பார்த்தால் சிரிப்பாய். முகம் அப்பம் போல ஆகிவிட்டது. கால் விரலில் மெட்டி இறங்கவில்லை. சோப்பு போட்டுப் பார்த்தோம், எண்ணெய் போட்டுப் பார்த்தோம். கடைசியில் தட்டானைக் கூப்பிட்டு வெட்டி எடுத்தார்கள். அத்தைக்குச் சந்தோஷம். "தண்ணி கோத்தா குழந்தை கொழுகொழுன்னு இருக்கும். எனக்கும் நாராயணசாமி வயித்துல இருக்கும்போது இப்படித்தான்" என்றார்.

கார்டு: ஜூன், எடை 45, பிரஷர் 110/70. ஜூலை, எடை 46, பிரஷர் 110/70.

இந்த மாதக் கடைசியில் வளைகாப்பு. நீ கட்டாயம் வர வேண்டும். அது முடிந்ததும் உன்னோடு கிளம்பிவிடலாம் என்று இருந்தேன். ஆனால் ஆடியில் பிறந்த வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இங்கே இல்லையாம். அதற்குள் அடுத்த முட்டையும் வந்துவிடும். ஆகவே அந்தக் கூடு முடிந்து ஆவணியில் வருகிறேன்.

அன்புடன்,
விஜி

*

சிவாஜிநகர்
29.7.1996

அன்பு விஜிக்கு,

வளைகாப்புக்கு வர முடியவில்லை. இரண்டு ஆயாக்கள் லீவில் போய்விட்டார்கள், எனக்கு லீவு கிடைக்கவில்லை. அத்திபெலேக்குப் போன ஆளிடம் வளையல் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உன் பழைய அளவுதான்.

கால் வீக்கம் என்று படித்ததும் சிஸ்டரிடம் ஓடினேன். "பிரஷர் எவ்வளவு?" என்றார். சொன்னேன். "நூத்திப்பத்துக்கு எழுபதுன்னா பயம் இல்ல. கால்ல தண்ணி கோக்குறது சகஜம். பிரஷர் ஏறி வீங்கினாத்தான் ஆபத்து" என்றார். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நானும் தூங்குகிறேன்.

ஆனாலும் கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் சொல். தலைவலி உண்டா? கண் மங்குகிறதா? ஊசியைப் பற்றிக் கேட்டேனே, அதற்கும் நீ பதில் எழுதவில்லை.

உன் அக்கா,
காந்தா

*

தொட்டமாரனஹள்ளி
19.8.1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் நலம்.

நீ அனுப்பிய வளையல் என் விரல் கணு எலும்பைத் தாண்டவில்லை. பச்சை வளையல், எவ்வளவு அழகு. வீணாக்க மனசில்லாமல் மமதாவின் கையில் போட்டோம். "அக்கா வளையலு எனக்கு, அக்கா கொழுப்பு உனக்கு" என்று கையை ஆட்டிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தோம்.

தலைவலி இருக்கிறது. புழு தோலுரிக்கும் நாலாவது தூக்கம் முடிந்து எழுந்துவிட்டது, இப்போதுதான் அதற்கு அகோரப் பசி. விடியலிலிருந்து தழை நறுக்கினால் யாருக்குத்தான் தலை வலிக்காது? தழை போடும்போது கண் முன்னால் வெள்ளைப் பொட்டுகள் பறக்கின்றன. முதலில் புழு என்று நினைத்துக் கையால் தட்டினேன். நெஞ்சுக்குக் கீழே பிடிக்கிறது. வாயு என்று அத்தை சுக்குக் காய்ச்சிக் கொடுத்தார்.

இன்னும் ஏழெட்டு நாள். புழு பழுத்ததும் சந்திரிகைத் தட்டில் எடுத்து விட்டுவிட்டால் அது பாட்டுக்குக் கூடு கட்டிக்கொள்ளும், என் கை தேவைப்படாது. செப்டம்பர் இரண்டாம் தேதி அவர் என்னைக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கார்டு பத்திரமாக இருக்கிறது. ஆகஸ்ட், எடை 47, பிரஷர் 110/70. ஒரு வேடிக்கை கேள். மமதா கார்டிலும் அதே நாற்பத்தேழு, அதே நூற்றுப்பத்து. ஏப்ரலிலிருந்தே அப்படித்தான். இரட்டைப் பிறவி என்று அவர் கேலி செய்கிறார்.

நீ கோபப்பட்டால் எனக்குத் தாங்காது அக்கா. வந்ததும் எல்லாம் நேரில் சொல்கிறேன்.

அன்புடன்,
விஜி

*

சிவாஜிநகர்
24.8.1996
எக்ஸ்பிரஸ் தபால்

விஜி,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. நீ வந்தால் உடுத்த அம்மாவின் பழைய சேலைகளை எடுத்து வைக்கலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சேலை மடிப்பில் அந்த எடைச் சீட்டு இருந்தது. 54 கிலோ. அதையும் உன் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

இரண்டு பெண்களுக்கு ஒரு மாதம் ஒரே எடை வரலாம். ஒரே பிரஷரும் வரலாம். ஐந்து மாதமும் வராது. உன் தோள் உயரம்கூட இல்லாத ஒருத்திக்கும் உனக்கும் வராது. அது மமதாவின் உடம்பு. உன் கையில் ஒரு நாளும் யாரும் பிரஷர் பார்க்கவில்லை. உனக்கு ஊசியும் போடவில்லை. அதனால்தான் நீ பதில் எழுதவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கார்டை எப்படியாவது நிரப்பு என்று எழுதியவள் நான்தான்.

வீக்கம், தலைவலி, கண்ணில் பொட்டு, நெஞ்சடியில் பிடிப்பு. இந்த நாலும் சேர்ந்து வந்தவர்களை இந்த வார்டில் நான் பார்த்திருக்கிறேன். அடுத்தது வலிப்பு. புழுவை அப்படியே போட்டுவிட்டு, இதைப் படித்த நிமிடமே கிளம்பு. எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே போ. போகிற இடத்தில் கார்டைக் காட்டாதே. முதலில் கையில் பிரஷர் பார்க்கச் சொல்.

நாளை ஞாயிறு எனக்கு டியூட்டி, மாற்ற ஆள் இல்லை. திங்கள் காலை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். அதற்குள் இது கிடைத்தால் எனக்காகக் காத்திருக்காதே.

காந்தா

*

தொட்டமாரனஹள்ளி
14.9.1996

காந்தா அக்காவுக்கு மமதா வணக்கம்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். நான் ஓசூரில் தமிழ்ப் பள்ளியில் எட்டு வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று திங்கட்கிழமை நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது இங்கே பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அழவில்லை. "கார்டு எங்கே?" என்று மட்டும் கேட்டீர்கள். கார்டு என் இடுப்பில் இருந்தது.

உங்கள் எக்ஸ்பிரஸ் கடிதம் மறுநாள் செவ்வாய்க்கிழமை வந்தது. நான்தான் வாங்கினேன். பிரித்துப் படித்தேன். யாருக்கும் காட்டவில்லை. அதில் நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை.

முதல் வியாழக்கிழமை இரண்டு கார்டையும் கொண்டுபோனேன். "இன்னொருத்தி எல்லிம்மா, எங்க?" என்று நர்சம்மா கேட்டார். புழு வீட்டில் இருக்கிறாள், வர முடியாது என்றேன். என்னை எடை போட்டார், என் கையில் பிரஷர் பார்த்தார். இரண்டு கார்டிலும் அதையே எழுதினார். "ஒரே வீடு, ஒரே ராகி முத்தே, ஒரே சாறு. ஒரே மாதிரிதானே இருக்கும்" என்று சிரித்தார். அவருக்கும் மாதக் கடைசியில் இத்தனை கார்டு என்று கணக்குக் காட்ட வேண்டும். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தேன்.

ஞாயிறு மதியம் தழை போட்டுக்கொண்டிருந்த விஜி தட்டோடு விழுந்தாள். கைகால் வெட்டி இழுத்தது. கூடு ஏற்றும் டெம்போவில்தான் கொண்டுபோனோம். வழியில் இருந்த ஒரு பிரசவ மனையில் இறக்கினோம். டாக்டர் இல்லை. அங்கே இருந்த பெண் கார்டு கேட்டாள். கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "பிரஷர் எல்லாம் நார்மலா இருக்கே. இது காக்காவலிப்பு. சாவியக் கையில குடுத்துப் படுக்க வைங்க, டாக்டர் வந்துருவாரு" என்றாள். படுக்க வைத்தோம். கையில் சாவியை வைத்து விரலை மூடிப் பிடித்துக்கொண்டேன். இன்னும் இரண்டு முறை இழுத்தது.

ஐந்து மணிக்கு டாக்டர் வந்தார். கையில் பட்டை கட்டினார். இருநூறுக்கு மேல் போகிறது என்றார். கார்டைப் பார்த்தார். "இது யாரோட கார்டு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார்.

அவளுடையதுதான் என்றேன்.

அப்போதுகூடச் சொல்ல முடியவில்லை அக்கா. பெங்களூருக்கு எடுத்துப் போங்கள் என்றார் டாக்டர். சந்தாபுரம் தாண்டியதும் மூச்சு நின்றுவிட்டது. குழந்தையும் உள்ளேயே போய்விட்டது. தலை என் மடியில் இருந்தது. என் கையில் உங்கள் பச்சை வளையல்.

இப்போது புது முட்டை வந்திருக்கிறது. விஜி இல்லாததால் தழை போடுவது நான். ஆகவே இந்த மாதம் வியாழக்கிழமை நான் போகவில்லை. மாமனாரின் தங்கை மகள் ஏரிப் பக்கம் போனபோது என் கார்டை மட்டும் எடுத்துப் போய் நிரப்பி வாங்கிவந்தாள். 48 கிலோ. 110/70.

செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குச் செருப்பு நுழையவில்லை. தண்ணீர்தான் என்கிறார் அத்தை. நேற்று வளையலைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. உடைக்கப் பயமாக இருக்கிறது.

இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை.

மமதா

*

சிவாஜிநகர்
18.9.1996

மமதாவுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நலம் விசாரிக்கும் நிலையில் நாம் இரண்டு பேரும் இல்லை.

இதை நான் தபாலில் போடப் போவதில்லை. தபாலையும் எண்ணையும் நம்பியது போதும். போன முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்காக நின்றேன். இந்த முறை சிஸ்டர் பிரிஜெட்டிடம் சொல்லிவிட்டு மதியமே கிளம்புகிறேன். "வேலை போனாலும் போகும்" என்றார். தலையாட்டினேன். அப்புறம் அவரே, "அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா. கேட்டுல நான் நிக்கிறேன்" என்றார்.

உன் வாசலில் வந்து நின்றால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. ஒன்றும் வராமல் போகலாம், வரக் கூடாதது வரலாம். அதற்காகத்தான் பஸ் ஏறுவதற்கு முன் இதை எழுதிக் கையில் வைத்துக்கொள்கிறேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. இன்னும் பல காலம் இருக்கும். அது அதன்பாட்டுக்கு இருக்கட்டும்.

உன் மாமியாருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு நிற்காதே. தழையைக் கீழே போடு. செருப்பு நுழையாவிட்டால் வெறுங்காலோடு வா. வளையலை நான் உடைக்கிறேன்.

கார்டு வேண்டாம். நீ வா.

காந்தா